ஒப்பிட்டவர் சுருக்கொப்பம்

கம்ப்யூட்டர் உயிர்விட்ட அன்று காலை நான் முதலில் திட்டியது கம்ப்யூட்டரைத்தான். அடுத்தபடியாக மின்சாரத்தைத் திட்டினேன். அதற்கும் அடுத்தபடியாக என் வயதை. திட்டு வாங்கியிருக்க வேண்டிய ஆள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டே, "விடு டைப்பிஸ்ட்டம்மா, மெஷின்தானே, அதுக்கும் ஆயுசு இருக்குல்ல" என்று எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் என் கணவர்.

திரை முழுக்கக் கறுப்பு. மேல் மூலையில் இரண்டு வரி வெள்ளை ஆங்கிலம். தொடங்குவதற்கு வேண்டிய டிஸ்க் கிடைக்கவில்லை, போட்டுவிட்டு ஏதாவது ஒரு விசையை அழுத்து என்று அதற்கு அர்த்தம். நான் எல்லா விசையையும் அழுத்தினேன். முப்பத்திரண்டு வருஷம் ஆபீசில் டைப் அடித்த விரல்கள். அழுத்துவதில் குறை வைக்கவில்லை. அணைத்துப் போட்டேன், மறுபடியும் அணைத்துப் போட்டேன். பெட்டிக்குள்ளிருந்து பல்லில் கல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு அதுவும் நின்று, அதே இரண்டு வரி வந்து உட்கார்ந்துகொண்டது.

அதற்குள் இருந்தவை என் கடிதங்கள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் போர்ட் பிளேரிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் என் அக்காவுக்கு நான் எழுதியவை.

அந்தக் காலத்தில் தீவில் கடிதம் எழுதியவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மெயின்லேண்டுக்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். முக்கியமான கடிதம் என்றால் அதை இரண்டு தடவை அனுப்புவோம். கப்பல் பதினைந்து நாளைக்கு ஒன்று வரும். மழைக்காலத்தில் இருபது நாளும் ஆகும். தபால் பை நனையும், தவறும், வேறு எங்காவது போய்க் கிடக்கும். அதனால் ஒரு பிரதி இந்தக் கப்பலில், அதே கடிதத்தின் மறுபிரதி அடுத்த கப்பலில். நான் டைப்பிஸ்ட் இல்லையா, கார்பன் வைக்காமல் என்னால் மளிகைச் சீட்டுக்கூட எழுத முடியாது. இரண்டு கார்பன் வைத்து ஊதாப் பென்சிலால் அழுத்தி மூன்று பிரதி எழுதுவேன். இரண்டு அக்காவுக்கு. மூன்றாவது என் டிரங்குப் பெட்டிக்கு. அக்கா வீட்டுக்கு வெள்ளையடித்த ஒரு தை மாதத்தில் அவளிடம் இருந்தவை பரணிலிருந்து இறங்கிப் பழைய பேப்பர்காரனிடம் போய்விட்டன. மிஞ்சியது என் பெட்டியில் இருந்தவை மட்டும்.

இத்தனை வருஷம் கழித்து அவற்றைத் தூசி தட்டியதற்கு ஒரே ஒரு காரணம்தான். அப்பா சாகக் கிடந்தபோது நான் போகவில்லை.

எங்கள் ஊரில் பெண்பிள்ளையை டைப்ரைட்டிங் படிக்க அனுப்பிய முதல் தகப்பன் என் அப்பா. எனக்குத் தீவில் வேலை கிடைத்தபோது, ஊரே வாயில் கைவைத்தது. அவர் மட்டும் சென்னைத் துறைமுகம் வரை வந்து, கப்பல் கண்ணுக்கு மறையும் வரை தோள்துண்டை ஆட்டிக்கொண்டு நின்றார். அப்படிப்பட்டவருக்கு மூச்சுத் திணறி, இனி நாள் கணக்குத்தான் என்றானபோது அக்கா எனக்குத் தந்தி அடித்தாள்: அப்பா கவலைக்கிடம், உடனே புறப்படு. தந்தி அடித்ததற்கு மறுநாள் போர்ட் பிளேரிலிருந்து கப்பல் இருந்தது. அந்தக் கப்பலில் நான் இல்லை. அப்பா அதற்குப் பிறகு பதினோரு நாள் வாசலைப் பார்த்தபடி கிடந்துவிட்டுப் போனார். அத்தான் சென்னைக் கப்பல் ஆபீசுக்கே போய் விசாரித்து, கப்பல் கிளம்பிய தேதியைக் குறித்துக்கொண்டு வந்திருந்தார். அக்கா அறிந்த கதை இவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த கதை வேறு. அப்போது நான் ஏழு மாதக் கர்ப்பிணி. டெலானிபூர் மேட்டில் குவார்ட்டர்ஸ். அன்று சாயங்காலம் கப்பலின் சங்கு ஊதி ஓய்ந்த பிறகு என் கணவர் மேடேறி வந்தார். சட்டைப் பையிலிருந்து தந்தியை எடுத்து, "இப்பத்தான் ஆபீசுக்கு வந்துச்சு" என்றார். நான் அழுது தீர்த்தேன். மூன்றாம் நாள், அழுகை ஓய்ந்து, அந்தத் தந்தியைப் பெட்டியில் வைக்க எடுத்தபோது, என் கண் வழக்கம்போல முதலில் முத்திரைக்குப் போனது. வந்து சேர்ந்தது கப்பல் போனதற்கு முந்தின நாள் காலை. ஒரு பகல், ஒரு ராத்திரி, மறுபடியும் ஒரு பகல், அது அவருடைய மேஜை டிராயருக்குள் இருந்திருக்கிறது.

கேட்டேன். "கடல் மோசமா இருக்கு. ஏழு மாசம். டெக்குல படுத்துக்கிட்டு நாலு நாள் போவியா? சொன்னா நீ கேக்க மாட்டே. அதான்" என்றார். ஒன்பது நாள் நான் அவரோடு பேசவில்லை. நடந்தது அத்தனையையும் அக்காவுக்கு எழுதினேன். முத்திரையில் இருந்த நேரத்தைக்கூட எழுதினேன். உறையைப் பசை போட்டு ஒட்டினேன். மேட்டில் ஏறி இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால், அதை அவரிடமே கொடுத்துத் தபாலில் போடச் சொன்னேன். அடுத்த கப்பலுக்கு மறுபிரதியையும் அவரிடம்தான் கொடுத்தேன். இன்றைக்கு இதைப் படிக்கிறவர்கள், இவள் என்ன அசடா என்று கேட்கலாம். கோபம் வேறு, சந்தேகம் வேறு. அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. சந்தேகம் இருந்ததில்லை.

அக்காவிடமிருந்து பதில் வந்தது. என் கடிதத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. அப்பா எப்படிக் கிடந்தார், எத்தனை தடவை என் பெயரைச் சொன்னார் என்று நாலு பக்கம். கடைசியில், 'ஒனக்கென்ன, நடுவுல கடல் கெடக்கு' என்று ஒரு வரி. இரண்டு பிரதியும் போய்ச் சேரவில்லை என்று புரிந்துகொண்டேன். கடலைத் திட்டினேன், கப்பலைத் திட்டினேன், தலையெழுத்து என்று விட்டேன். மூன்றாம் தடவை எழுதியிருக்கலாம். அதற்குள் மகன் பிறந்துவிட்டான். பிள்ளைத் துணியை அலசிக் காயப்போட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் நடை பழகிய மனுஷனை என் பிறந்த வீட்டார் முன்னால் தூக்கில் போட எனக்கு மனசு வரவில்லை. என்ன ஏது என்று கேட்காமலே பழி சொல்கிறவளுக்கு மறுபடி என்ன எழுதுவது என்ற ரோஷமும் சேர்ந்துகொண்டது. கப்பல் கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதி முடித்தேன்.

அந்த ஒரு வரியை அக்கா நாற்பது வருஷம் விடவில்லை. விடுமுறைக்குப் போவேன், குழம்பு வைப்பாள், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள், கிளம்பும்போது வாசலில் நின்று, "ஒனக்கென்னட்டி, நடுவுல கடல் கெடக்கு" என்பாள். எண்பதாவது வயதில் அவள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையானாள். போய்ப் பார்த்தேன். அப்பா கிடந்த அதே கூடத்தில், அதே வாசலைப் பார்த்துக் கிடந்தாள். அப்போதும் அதே வரிதான். இவள் இதைச் சொல்லிக்கொண்டே செத்துவிடக் கூடாது என்று விமானத்தில் திரும்பும்போது முடிவு செய்தேன்.

அந்த ஒரு கடிதத்தை மட்டும் அனுப்பினால் வழக்குக்கு ஆதாரம் காட்டுவது போல இருக்கும். எல்லாக் கடிதத்தையும் வரிசையாக அனுப்பினால் அது தன் இடத்தில் தானாக வரும். அவளே அதை வந்து அடைவாள். ஆனால் கார்பன்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. பூசணம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அக்காவின் கண்ணுக்கு அவை ஊதாக் கறையாகத்தான் தெரிந்திருக்கும். பெரிய எழுத்தில் அடித்து அனுப்ப வேண்டியதுதான். பெங்களூரில் இருக்கும் மகன் தான் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரைப் பிரிண்டரோடு கப்பலில் அனுப்பிவைத்தான். பழைய தமிழ் டைப்ரைட்டர் விசை வரிசையே அதிலும் இருந்தது. ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது.

அதை எங்கே வைப்பது என்பதில் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். தீவு வீடுகளில் ஓர் அலமாரிக்குள் நாற்பது வாட் பல்பு எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும். பட்டுப்புடவை, காமிரா, ரேடியோ, சர்ட்டிபிகேட் எல்லாம் அந்த வெதுவெதுப்பில்தான் பூசணம் பிடிக்காமல் பிழைத்தன. டெலானிபூரில் எரிந்த பல்பு, ஓய்வுபெற்று லம்பா லைனில் சொந்த வீடு கட்டிய பிறகும் எரிந்தது. கம்ப்யூட்டர் பெட்டியை அந்த அலமாரிக்குள் பல்புக்குப் பக்கத்தில் வைத்து, பின்பலகையில் ஓட்டை போட்டு ஒயர்களை வெளியே எடுத்து, கதவைச் சாத்தினேன். இனி ஈரம் அண்டாது என்று எனக்குப் பெரிய நிம்மதி.

நான் அடித்தேன், என் கணவர் ஒப்பிட்டார். எங்களுக்குப் பழக்கம் ஏற்பட்டதே அப்படித்தான். குடியேறியவர்களுக்கு நிலம் கொடுக்கிற ஆபீசில் நான் டைப்பிஸ்ட், அவர் ஒப்பிடும் குமாஸ்தா. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து இறங்கிய குடும்பங்களுக்கு வயலும் மாடும் கூரைத் தகரமும் ஒதுக்குகிற உத்தரவுகளை நான் அடிப்பேன். பிறகு ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க, மற்றவர் நகலில் பென்சிலை ஓட்டிக்கொண்டே வருவார். கமா, ஃபுல்ஸ்டாப்பைக்கூட வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு பெயர் தப்பினால் ஹேவ்லாக் தீவில் ஒருவனுக்கு உழுமாடு வராது. எல்லாம் சரியாக இருந்தால் ஒப்பிட்டவர் தாளின் அடியில் சுருக்கொப்பம் போடுவார். அது விழுந்த தாளை அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவர் ஒப்பம் போட்ட தாள் ஒன்றுகூடத் தப்பு என்று மேஜைக்குத் திரும்பி வந்ததில்லை. அவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததற்கு அதுதான் காரணம். மற்றப் பெண்கள் மூக்கையும் முழியையும் பார்த்தார்கள், நான் இதைப் பார்த்தேன்.

இப்போதும் அதே ஏற்பாடு. காலையில் நான் அடிப்பேன். நான் சமையலுக்குப் போனதும் அவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து கார்பனோடு ஒப்பிட்டு, பிழையிருந்தால் திருத்தி, கார்பனின் மூலையில் சுருக்கொப்பம் போடுவார். ஒப்பம் விழுந்த கார்பன் வெந்நீர் அடுப்புக்குப் போகும். பூசணம் மற்ற தாள்களுக்குப் பரவக் கூடாதே. அதற்குச் சம்மதித்தவளும் நான்தான்.

எல்லாவற்றையும் அடித்து முடித்தேன். அச்செடுக்கத் தாள் மட்டும் கப்பலில் வரவேண்டியிருந்தது. அதற்குள் வரிசை சரிபார்க்கலாம் என்று திரையில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். தந்திக் கடிதத்தைக் காணோம்.

அதை அடித்த ஞாபகம் எனக்கு விரலிலேயே இருந்தது. அவரோ, "நீ அதை அடிக்கவே இல்லையேம்மா. அந்தக் கார்பனே பெட்டியில இல்ல. கரையான் தின்னிருக்கும்" என்றார். டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினேன். இல்லை. சமையற்கட்டுக்கு எதற்கு வந்தோம் என்று மறந்து நிற்கிற வயதுதான் எனக்கும். அடிக்காததை அடித்ததாக நினைக்க ஆரம்பித்துவிட்டேனோ என்று பயம் பிடித்துக்கொண்டது. மறதி வியாதியோ என்று டாக்டரிடம் போனேன். என் கணவரும் கூட வந்தார். மழை பெய்துகொண்டிருந்தது, வழியெல்லாம் என் தலைக்குக் குடை பிடித்துக்கொண்டே வந்தார்.

ஞாபகத்திலிருந்தாவது அந்தக் கடிதத்தை எழுதிவிடலாம் என்று நினைத்து உட்கார்ந்த காலையில்தான் கம்ப்யூட்டர் உயிர்விட்டது. இப்போது ஒரு கடிதம் மட்டுமல்ல, எதுவுமே இல்லை. கார்பன் எல்லாம் வெந்நீராகி எங்கள் முதுகில் ஓடிவிட்டிருந்தது.

பஜாரில் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். அவருடைய வாப்பா அதே கடையில் எங்கள் ரேடியோவைப் பழுது பார்த்தவர். பெட்டியை அங்கே கொண்டுபோகிறேன் என்றதும் என் கணவர், "எதுக்கு வீண் அலைச்சல்? போனது போகட்டும். நிம்மதியா இரு" என்றார். என் முழங்கால் வலியை நினைத்துச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஆட்டோ பிடித்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் திருகாணியைக் கழற்றி மூடியைத் திறந்தார். மூக்கைச் சுளித்தார். "என்னம்மா இது, அடுப்புல வச்சு எடுத்தீங்களா?"

அலமாரி, பல்பு எல்லாம் சொன்னேன். பெருமையோடுதான் சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "ரேடியோவுக்கு பல்பு சரிம்மா. இது தானே சூடாவுற சாமான். அதைக் கதவைச் சாத்தி உள்ள வச்சு வேகவச்சிருக்கீங்க. ஹார்ட் டிஸ்க் வெந்திருச்சு."

நாற்பது வருஷம் என் பட்டுப்புடவையைக் காப்பாற்றிய பல்பு என் கடிதங்களைக் கொன்றுவிட்டது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். "அப்போ என் கடுதாசியெல்லாம் போச்சா?" என்றேன்.

"பூரா போகலம்மா, கப்ராயியே மத், பயப்படாதீங்க" என்றார் அவர். டிஸ்க்கின் முன்பகுதிதான் கெட்டிருக்கிறது. எது எங்கே இருக்கிறது என்கிற பட்டியல் அங்கேதான் இருக்கும். அதைப் படிக்க முடியாததால் மிஷின் எழுந்திருக்க மறுக்கிறது. "தெருவுல வீடெல்லாம் நிக்குது. நம்பர் போர்டுதான் போச்சு. நான் இதை வேற கம்ப்யூட்டர்ல கூடுதல் டிஸ்க்கா மாட்டி, வீடு வீடாப் போய்ப் பாக்கிறேன். சூடாச்சுன்னா நிறுத்தி ஆறவைக்கணும். ஜல்தி பண்ணினா எல்லாம் கதம்."

எட்டு நாள் பிடித்தது. நான் தினமும் போனேன். அந்தச் சின்னத் தகரப் பெட்டிக்கு எதிரே ஒரு மேஜை விசிறி ஓடிக்கொண்டிருக்கும். கொஞ்சம் படிக்கும், அரைபடும் சத்தம் வரும், உடனே அணைப்பார். டீ குடிப்பார், மறுபடி போடுவார். அதில் ஒருநாள் சொன்னார்: "ஒண்ணு சொல்லணும்மா. பழைய பேரு வராது. நம்பர் போட்டுத்தான் வரும். இன்னொண்ணு, நீங்க அழிச்சதும், திருத்துறதுக்கு முந்தி இருந்த பழசும் சேந்து வரும்."

"அழிச்சது எப்படி வரும்?"

"அழிச்சா சரக்கு எங்கயும் போறதில்லம்மா. லிஸ்ட்ல இருந்து பேரைத்தான் அடிக்கும். அதுக்கு மேல வேற எதையாச்சும் எழுதுற வரைக்கும் கீழ அப்படியே கெடக்கும்."

நான் எதையும் அழிக்கவில்லை என்றேன். வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு நேரத்தில் இந்த அதிசயத்தை என் கணவரிடம் சொன்னேன். அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தி, "எல்லாமேவா வரும்?" என்றார். எல்லாமே என்றேன். மோர் வேண்டாம் என்று எழுந்துவிட்டார்.

கடைக்காரர் புது டிஸ்க் மாட்டி, மீட்டதையெல்லாம் அதில் ஏற்றி, பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். இந்தத் தடவை அதைக் காற்றோட்டமாக மேஜைமேல் வைத்தேன். கடிதங்கள் எண்களாக நின்றன. தமிழ் எழுத்துரு போடும் வரை குப்பைக் குறிகளாகத் தெரிந்தவை, போட்டதும் என் கடிதங்களாக மாறின. ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வந்தேன். அன்று என் கணவர் காய்கறி வாங்கப் பஜாருக்குப் போயிருந்தார்.

எழுபதுக்கு மேல் ஏதோ ஓர் எண். 'அன்புள்ள அக்கா, தந்தியை ஒளித்து வைத்தவர் யாரென்று கேட்டால் நீ நம்ப மாட்டாய்.' நான் கூவிவிட்டேன். எனக்கு மறதி வியாதி இல்லை. நான் அதை அடித்திருக்கிறேன். முத்திரை நேரம்வரை முழுசாக இருந்தது.

அடுத்த எண்ணிலும் அதே கடிதம். ஆனால் முத்திரையைப் பற்றிய வரி இல்லை. அதற்கடுத்த எண்ணிலும் அதே கடிதம். முதல் வரி இல்லை. அந்த இடத்தில், 'மேற்படி தந்தி கப்பல் புறப்பட்ட பின்னரே கிடைக்கப்பெற்றது' என்று இருந்தது. அக்காவுக்கு எழுதும் கடிதத்தில் 'மேற்படி' போடுகிறவள் நான் இல்லை. எனக்குத் தெரிந்து அந்தச் சொல்லை வீட்டுக்குள்ளும் பேசுகிற ஆள் ஒருவர்தான். நாலாவது எண்ணில் தேதியும் 'அன்புள்ள அக்கா'வும் மட்டும் மிஞ்சியிருந்தன.

முதலில் ஒரு வரியை எடுத்துப் பார்த்திருக்கிறார். போதவில்லை. தன் வரியைப் போட்டுப் பார்த்திருக்கிறார். அதுவும் உறுத்தியிருக்கிறது. எல்லாவற்றையும் வழித்தெடுத்து, கடைசியில் கடிதத்தையே அழித்துவிட்டு, கார்பனை அடுப்பில் போட்டிருக்கிறார். நான் அந்த நேரம் அவருக்குப் பிடிக்குமென்று கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்திருப்பேன். வேலியே பயிரை மேய்வது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அதற்கு அர்த்தம் அறுபத்தெட்டாவது வயதில் தெரிந்தது.

அப்போதுதான் அந்த இரண்டு உறைகளும் நினைவுக்கு வந்தன. ஒன்றைக் கடல் கொண்டுபோகும். இரண்டையுமா? இரண்டும் கப்பலுக்குப் போகுமுன் யார் கையில் இருந்தன? கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். இவருடையது நாற்பது வருஷம் நின்றது. காரணம் அவர் கெட்டிக்காரர் என்பதல்ல. நான் நம்பினேன் என்பதுதான்.

தாள் வந்திருந்தது. முதல் கடிதத்தையும் மூன்றாவது கடிதத்தையும் அச்செடுத்தேன். அவர் வந்து பையை இறக்கியதும், "ஒப்பிடணும், உக்காருங்க" என்றேன். 'மேற்படி' இருந்த தாளையும் பென்சிலையும் அவரிடம் கொடுத்துவிட்டு, நான் அடித்த தாளை உரக்க வாசிக்க ஆரம்பித்தேன். கமா, ஃபுல்ஸ்டாப் எல்லாம் சொன்னேன். பழக்கதோஷம், அவர் பென்சில் வரியோடு நகர்ந்தது. பிறகு நின்றது.

"ஏன் நின்னுட்டீங்க?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அன்னைக்கு அந்த ரெண்டு கவரையும் தபால்ல போட்டீங்களா?"

"இல்ல."

"என்ன பண்ணினீங்க?"

"டிராயர்ல வச்சிருந்தேன். அப்புறம் கிழிச்சிட்டேன்."

"கடல் மோசமா இருக்குன்னீங்களே?"

"கடல் மோசம்தான்." பென்சிலை உருட்டினார். "போனா நீ திரும்பி வரமாட்டேன்னு பயந்தேன். வந்த நாள்ல இருந்து ஊருக்குப் போகணும்னு தினம் அழுதுக்கிட்டிருந்தே."

அது உண்மை. அழுதேன். போயிருந்தால் திரும்பி வந்திருப்பேனா என்று எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ளும் சந்தர்ப்பத்தை அவர் எனக்குக் கொடுக்கவில்லை.

"அது அப்போ. இப்போ எதுக்கு அழிச்சீங்க?"

"உங்க அக்கா இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்காங்க. போற நேரத்துல என்னைப் பத்தி இதைப் படிச்சிட்டுப் போகணுமா?"

"எனக்கு மூளை கலங்கிடுச்சோன்னு டாக்டர்கிட்ட போனேன். குடை பிடிச்சுக்கிட்டு வந்தீங்களே."

தந்தியைக்கூட ஒருநாள் மன்னித்திருப்பேன். வயசு, பயம், புதுப் பெண்டாட்டி. கடிதத்தைக் கிழித்ததைக்கூட எப்படியோ விழுங்கியிருப்பேன். அந்தக் குடையை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

எல்லாக் கடிதங்களையும் அச்செடுத்து, கட்டை நானே தூக்கிக்கொண்டு தபாலாபீசுக்கு நடந்தேன். வழக்கப்படி ஒரு வாரம் கழித்து மறுபிரதியும் அனுப்பினேன். பத்துப் பதினைந்து நாளில் தொலைபேசி அடித்தது. அக்கா. அவள் மகள் படித்துக் காட்டியிருக்கிறாள்.

"கடுதாசி வந்துச்சுட்டி. ரெண்டும் வந்துச்சு." இருமினாள். "ஆனா இது மிசின்ல அடிச்சதுல்லா? அன்னைக்கு எழுதினதா, நேத்து அடிச்சதான்னு எனக்கு எப்பிடிட்டி தெரியும்?"

பூசணம் பிடித்த அந்த ஊதாத் தாள் இருந்திருந்தால், ஓர் எழுத்துக்கூடத் தெரியாவிட்டாலும் அக்கா தடவிப் பார்த்தே நம்பியிருப்பாள். நல்ல வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் பிழையில்லாமல் அடித்ததை எப்படி நம்புவாள்?

அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ரிசீவரை நீட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் நீட்டிய கையை மடக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ. கடைசியில் எழுந்து வந்து வாங்கினார்.

"மதினி," என்றார். ஆபீசில் மூலத்தை வாசிக்கிற அதே குரல். "தந்தி முந்தின நாள் காலையிலயே வந்துருச்சு. கப்பல் போற வரைக்கும் என் டிராயர்ல இருந்துச்சு. அவளுக்குத் தெரியாது. அவ எழுதின ரெண்டு கடிதத்தையும் நான்தான் கிழிச்சேன்." அந்தப் பக்கம் அக்கா என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போனார். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது.

அக்கா சொன்னாள்: "நடுவுல கடல் கெடக்கு, கடல் கெடக்குன்னு ஒன்னைய ஏசிக்கிட்டே இருந்துட்டேனேட்டி. கடலா கெடந்துச்சு? அவருல்லா கெடந்திருக்காரு."

அந்த வருஷமே அவள் போய்விட்டாள். நான் போய்ச் சேரும்போது நினைவு இருந்தது. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள், நான் உள்ளே நுழைவதைப் பார்த்தாள்.

லம்பா லைன் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் இன்னும் ஒன்றாகத்தான் இருக்கிறோம். இந்த வயதில் எங்கே போவது? காபி ஆற்றிக் கொடுக்கிறார். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடுகிறார். அலமாரிப் பல்பு புடவைக்கு மட்டும் எரிகிறது. நான் தொடர்ந்து அடிக்கிறேன், நானே ஒப்பிடுகிறேன். அடித்தவளே ஒப்பிட்டால் பிழை கண்ணில் படாது என்பது ஆபீஸ் பாடம். இதிலும் பிழைகள் இருக்கும்.

இதை அடித்து முடித்த அன்று, "நான் ஒரு தடவை பாக்கட்டுமா, டைப்பிஸ்ட்டம்மா?" என்று கேட்டார். ஒரு பிரதியை மகனுக்கு அனுப்பினேன். ஒன்றை அக்கா மகளுக்கு அனுப்பினேன். ஒன்றைப் பஜாரில் ராமநாதபுரத்துக்காரரிடம் கொடுத்து, பத்திரமாக வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றும் போய்ச் சேர்ந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, நாலாவதையும் பென்சிலையும் அவரிடம் கொடுத்தேன்.